விலக்கா, விற்பனையா? - போதைச் சட்டங்களின் சரித்திரமும் மலையகமும்

மதுவையும் பிற போதைப்பொருட்களையும் சட்டத்தினால் அடியோடு விலக்குவதா, அன்றி அனுமதிப்பத்திரம் கொடுத்து அரசாங்கத்தின் கண்காணிப்பில் விற்பதா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. நம் மன்றத்துக் கூட்டங்களிலும் அது எழாமலில்லை. "அடியோடு தடைசெய்தாலொழிய நம் பிள்ளைகள் தப்பமாட்டார்கள்" என்பர் பெரியோர். "தடைசெய்த பொருள் மறைவிற் பெருகுகின்றதே, சில நாடுகள் அனுமதித்தும் விட்டனவே" என்பர் இளைஞருட் சிலர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இதனைப் புதியதொரு வினாவென்று எண்ணுதல் பொருந்தாது. நூறாண்டுக்கு மேலாக இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இவ்விரு வழிகளும் மாறி மாறிக் கையாளப்பட்டு வந்துள்ளன. அவற்றின் பலன் யாது என்பதை அறிந்தபின் முடிவுக்கு வருவதே முறையாகும்.

முன்னோர் கண்ட நெறி

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரம் அறத்துப்பாலில் இல்லாது பொருட்பாலில் அமைந்திருப்பது நாம் கவனிக்கத்தக்கது. குடியைத் தனியொருவனின் ஒழுக்கக் குறையென மாத்திரம் கருதாது, குடும்பத்தினதும் நாட்டினதும் வாழ்வைத் தொடும் காரியமாக அவர் கொண்டார் என்பது இதனாற் புலப்படும்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் அபினையும் கஞ்சாவையும் சுத்திசெய்து மருந்திற் சேர்த்துள்ளன. வட இந்தியாவிற் சிவராத்திரி நாளிற் பாங்கு அருந்தும் வழக்கம் உண்டு. நம் தோட்டங்களிலும் முனியாண்டி, மாடசாமி முதலிய காவற்றெய்வங்களுக்கு இடும் படையலில் சாராயப் போத்தலும் சுருட்டும் வைக்கப்படுவதை யாவரும் அறிவர். இவற்றையெல்லாம் காட்டி, "நம் சமயமே அனுமதித்ததன்றோ?" என்று கேட்பாரும் உளர். மருந்துக்கு அளவு உண்டு; படையலுக்கு நாள் உண்டு. அளவுமின்றி நாளுமின்றி விற்கப்படுவது வியாபாரச் சரக்கு ஒன்றுதான். போதையின் சரித்திரத்தில் பெருங்கேடு தொடங்குவது அது வியாபாரமாகிய இடத்திலேயாம். அவ்வியாபாரத்தில் அரசாங்கமும் பங்காளியான இடத்திலேயாம்.

அபினும் அரசாங்கமும்

கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்து அபினைத் தம் தனியுரிமையாக்கினர். அது சீனத்துக்குச் சென்று விலைப்பட்டது. அதனால் அவர்கள் பெரும்பொருள் ஈட்டினர். சீன அரசாங்கம் அதைத் தடுக்க முற்பட்டபோது 1839இல் போர் மூண்டது. 1856இல் மீண்டும் ஒரு போர் நடந்தது. இரண்டிலும் சீனம் தோற்றது. ஒரு நாடு தன் குடிமக்களைக் காக்க விதித்த தடையை இன்னொரு நாட்டின் பீரங்கிகள் தகர்த்தெறிந்த கதை இது.

இக்கொடுமைக்கு இங்கிலாந்திலேயே கண்டனம் எழுந்தது. 1893இல் இரண்டு விசாரணைக் குழுக்கள் நியமிக்கப்பட்டன. கஞ்சாவைப் பற்றி ஆராய்ந்த குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை வெளியிட்டது. அளவோடு கொள்பவர்க்குப் பெருந்தீங்கு இல்லை, மிகையாகக் கொள்பவர்க்குத் தீங்கு உண்டு, முற்றாகத் தடுப்பதினும் வரியும் அனுமதியும் விதித்துக் கட்டுப்படுத்துவதே தக்கது என்பது அதன் முடிவு. அபினைப் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1895இல் ஏறக்குறைய உள்ளது உள்ளபடியே இருக்கலாம் என்றது. அபின் வருமானத்தில் அரசாங்கம் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை அறிந்தோர் இரண்டாவது முடிவை ஐயத்தோடு நோக்கினர். அவ்வையம் நியாயமானதே. கல்லாவில் இருப்பவனையே காவற்காரனாகவும் வைத்தால் காவல் எங்ஙனம் நடைபெறும்?

இக்காலத்தில் இலங்கையிலும் அனுமதி பெற்ற கடைகளில் அபின் வெளிப்படையாக விற்கப்பட்டு வந்தது. அதற்கு எதிராகப் பொதுமக்கள் கிளர்ந்தனர். இதன் பலனாக 1910இல் ஒரு சட்டம் பிறந்தது. கடைகள் மூடப்பட்டன. எனினும், அபினுக்கு ஏற்கெனவே அடிமைப்பட்டோரை அரசாங்கம் தெருவில் விட்டுவிடவில்லை. அவர்களின் பெயர்கள் பதிவு செய்யப்பட்டு, அரசாங்கத்தின் கையாலேயே அளவாக அவர்களுக்கு அபின் கொடுக்கப்பட்டது. நாட்டு வைத்தியர்களும் பதிவுபெற்று மருந்துக்கு வேண்டியதைப் பெற்றனர். புதிதாக ஒருவன் பழகுவதற்கு வாசலை அடைத்து, பழகியவன் வதைபடாது வெளியேறச் சிறு கதவொன்றைத் திறந்து வைத்த ஏற்பாடு அது. முழு விலக்கும் அன்று, முழு விற்பனையும் அன்று. பின்னர் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் யாவற்றையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. திருத்தங்கள் பல கண்ட அச்சட்டமே இன்றும் நம் நாட்டின் அடிப்படைச் சட்டமாக உள்ளது.

தவறணைக்கு எதிராக எழுந்த மக்கள்

அபினுக்கு வழி கண்ட அதே அரசாங்கம் கள்ளுக்கும் சாராயத்துக்கும் அவ்வழியைக் காணவில்லை. காரணம் வெளிப்படை. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே சாராய விற்பனை உரிமை குத்தகைக்கு விடப்பட்டு வந்தது. ஆங்கிலேயரும் அதனையே தொடர்ந்தனர். ஒரு பகுதியில் விற்கும் உரிமையை ஏலத்தில் அதிக விலைக்கு எடுத்தவன், கொடுத்த பணத்தை மீட்கவும் மேல் இலாபம் காணவும் எத்தனை பேரைக் குடிக்கச் செய்யலாமோ அத்தனை பேரையும் குடிக்கச் செய்தான். அரசாங்கத்தின் திறைசேரி நிறைந்தது; குத்தகைக்காரர் சிலர் தீவின் பெருஞ் செல்வராயினர்; குடித்தவன் குடிசை மாத்திரம் இருண்டது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாகச் சிறு புகைவண்டிப் பாதை ராகலை வரை வந்து சேர்ந்த 1904ஆம் ஆண்டிலேயே, தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பெருந்தீயெனப் பரவிற்று. கிராமந்தோறும் சங்கங்கள் அமைந்தன. குடிப்பதில்லையென ஆயிரக்கணக்கானோர் சபதம் செய்தனர். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றியமைத்தது. ஆயினும் கள்ளுக்கெனப் புதிய தவறணைகள் ஏராளமாகத் திறக்கப்படலாயின. இதனால் இயக்கம் மீண்டும் கொழுந்துவிட்டெரிந்தது. அநகாரிக தர்மபாலர், டி. பி. ஜயதிலக, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் அதில் முன்னின்றனர். பிற்காலத்தில் நாட்டின் சுதந்திரத்துக்குத் தலைமை தாங்கியோர் பலர் பொதுவாழ்விற் காலடி வைத்தது தவறணை எதிர்ப்பிலேதான்.

1915இல் நாட்டிற் கலவரம் மூண்டபோது, ஆங்கில அரசாங்கம் இம்மதுவிலக்குத் தலைவர்களையே சந்தேகித்துச் சிறையிலிட்டது. அப்போது சட்டசபையிலும், கடல் கடந்து இலண்டனிலும் அவர்களுக்காக வாதாடியவர் சைவப் பெருந்தகையாகிய சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே. இனமும் மதமும் கடந்து ஒன்றுபட்ட அக்காலத்தை நினைந்து நாம் இன்று பெருமூச்சு விடுதல் இயல்பே.

இக்கிளர்ச்சிகளின் அரும்பலன் ஒன்றுண்டு. ஓர் ஊரிலே தவறணை இருக்கலாமா கூடாதா என்பதை அவ்வூரவர் வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை ஏற்பட்டது. 1920ஆம் ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் இவ்வாக்கெடுப்பினால் தவறணைகள் மூடப்பட்டன. யாழ்ப்பாணத்திலும் இம்முயற்சி வலுப்பெற்றிருந்தது. மேலிருந்து விதிக்கப்பட்ட விலக்கும் இதுவன்று. மேலிருந்து திணிக்கப்பட்ட விற்பனையும் இதுவன்று. கெடுதியை அனுபவிப்பவனே தீர்ப்பும் கூறிய ஏற்பாடு இது.

மலையகத்தைக் கேட்டார் யார்?

இனி நம் மலைநாட்டைப் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்து, வழியிற் கொள்ளைநோய்க்குப் பலியானவர் போக எஞ்சியவர்கள் நம் முன்னோர். அடை மழையும் கடுங்குளிரும், பத்தடி லயக் காம்பராவும், கங்காணியிடம் பட்ட கடனும் அவர்களை வருத்தின. உடல்நோவை மறக்கச் சாராயமே கிடைத்தது. மருந்தகமும் பாடசாலையும் வருமுன்னரே தோட்டத்து எல்லையில் தவறணை வந்துவிட்டது. சம்பள நாளில் ஒரு கையால் கொடுத்த காசு மறுகையால் தவறணைக்குப் போனது. அக்காசின் ஒரு பங்கு வரியாகி அரசாங்கத்தைச் சேர்ந்தது. குறைந்த கூலி பெற்றவனிடமிருந்து அதிக வரி பெற இதைவிட எளிய வழி வேறில்லை.

1927 நவம்பரிற் காந்தியடிகள் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அவரை வரவேற்றுப் போற்றியதை நாம் படித்துள்ளோம். அப்பயணத்தில் அவர் மலைநாட்டுக்கும் வந்தார். தோட்டத் தொழிலாளரை நோக்கி, குடியை விட்டொழிக்குமாறு அவர் வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோள் நம்மவர் உள்ளத்தைத் தொட்டது. ஆனால் உள்ளத்தில் எழுந்த உறுதியைச் சட்டமாக்கும் அதிகாரம் நம்மவரிடம் இருக்கவில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டு 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் நம்மவருட் பெரும்பாலாரை வாக்கற்றவராக்கின. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்துக் கப்பலேற்றியது. நாடற்றிருந்தோர் நிலை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்கில்லாத மக்களிடம் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. நம் மக்களைக் குடிகாரரென்று ஏசுவோர், இச்சரித்திரத்தையும் சேர்த்துப் படித்தல் நன்று.

தமிழ்நாடு கண்ட இரு வழிகள்

ஒப்பந்தத்தின்படி நம் உறவினர் பலர் சென்று குடியேறிய தமிழ்நாட்டின் அனுபவம் இன்னும் தெளிவானது. பெரியார் ஈ. வெ. இராமசாமி 1921இல் கள்ளுக்கு உதவாதிருக்கத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். சமய விடயத்தில் அவரோடு நேர்மாறான இராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் முதலாந் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கடவுளைப் பற்றி ஒவ்வாத இருவரும் கள்ளைப் பற்றி ஒத்தனர்.

இராஜாஜியின் செயலில் நாம் போற்றவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மதுவரியை இழந்தால் ஆட்சி நடப்பதெப்படி என்று பலர் அஞ்சியபோது, அவர் 1939இற் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். குடிகாரனின் காசை நம்பியிராத கருவூலமே குடியை எதிர்க்க வல்லது என்பதை அவர் அறிந்திருந்தார். 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவிற்று.

பின்னர் 1971இல் மு. கருணாநிதி அரசு விலக்கை நிறுத்தி வைத்தது. முதிய வயதிலும் இராஜாஜி அதை எதிர்த்து நின்றார். 1974இல் விலக்கு மீண்டது, 1981இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் மீண்டும் தளர்ந்தது. 2003இல் ஜெ. ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையே அரசு நிறுவனத்தின் கையில் ஒப்படைத்தது. அரசாங்கமே கடைக்காரராகிவிட்டால் கள்ளச்சாராயம் ஒழியும் என்று கூறப்பட்டது. ஆனால் 2024 யூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனோல் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன. விலக்கு இருந்தபோதும் நஞ்சு விற்றது. கடை திறந்திருந்தபோதும் நஞ்சு விற்றது. மலிவான போதையைத் தேடும் ஏழைக்குக் கடையின் விலை எட்டாதபோது கள்ளச்சாராயமே எட்டுகின்றது. நம் தோட்டங்களில் கசிப்பு ஒழியாதிருப்பதற்கும் காரணம் இதுவே.

முழு விலக்கின் மறுபக்கத்தை அமெரிக்கா காட்டிற்று. 1920இல் நாடு முழுவதும் மதுவை விலக்கியது. கள்ளக் கடத்தற்காரர் கொழுத்தனர். பதின்மூன்று ஆண்டுகளில், 1933இல், விலக்கையே விலக்கிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? பூரணை தினங்களில் நம் நாட்டு மதுக்கடைகள் யாவும் மூடப்படுகின்றன. முந்திய நாள் மாலை அக்கடைகளின் முன் நிற்கும் வரிசையைக் கண்டவர்க்கு, கதவைப் பூட்டிவிட்டால் மனம் பூட்டப்பட்டுவிடாது என்பது விளங்கும்.

புதிய நஞ்சும் புதிய வாதமும்

இப்போது நம் இளைஞரை நெருங்கியிருப்பவை கள்ளும் சாராயமும் மாத்திரமல்ல. ஹெரோயினும், 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமினும், போதை மாத்திரைகளும் நகரிலிருந்து மலையேறி வந்துவிட்டன. 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருத்தலுக்கும் கடத்தலுக்கும் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் ஐஸையும் இவ்வகையிற் சேர்த்தது. 1976க்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைக் குற்றவாளிகள் நால்வரின் தண்டனையை நிறைவேற்ற அக்கால ஜனாதிபதி முற்பட்டபோது உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. சட்டப்புத்தகத்தில் மரணம் எழுதப்பட்டு நாற்பதாண்டு கடந்தும் நஞ்சு குறையவில்லை என்பதே உண்மை.

பிற நாடுகள் வேறு வழிகளை முயன்றன. போர்த்துக்கல் 2001இல், தன் உபயோகத்துக்கெனச் சிறிதளவு வைத்திருப்பவனைக் குற்றவாளியாகக் கொள்வதை விட்டு, வைத்தியத்துக்கு வழிகாட்டத் தொடங்கியது. விற்பவனை மாத்திரம் தண்டித்தது. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் கஞ்சாவை அனுமதித்தன. தாய்லாந்து 2022இற் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பின்னர் வருந்தி, 2025இல் வைத்தியரின் சீட்டு வேண்டுமென மீண்டும் விதித்தது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர்ச்செய்கையை ஆராய நிபுணர் குழுவொன்று முன்மொழியப்பட்டது. 2025இல் ஏற்றுமதி மருந்துக்கென அதனைப் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளருக்கு வழி திறக்கப்பட்டது.

இதனை நம் இளைஞர் சரியாக விளங்கிக்கொள்ளல் அவசியம். மருந்துக்கெனப் பயிரிடுவது வேறு. மடியிற் கட்டித் தெருவில் விற்பது வேறு. 1910ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தியனுக்கு அபினைக் கொடுத்துக்கொண்டே கடையை மூடியதை மறவாதிருப்போமாக. அதே வேளை, அந்நியச் செலாவணிக்காகத் தொடங்குவது அதற்காகவே விரிவடையக்கூடும் என்னும் அச்சமும் பொருளற்றதன்று. சாராயக் குத்தகையும் வருவாய்க்காகவே தொடங்கிற்று.

நாம் கொள்ளவேண்டிய முடிவு

இச்சரித்திரத்திலிருந்து நாம் பெறுவன மூன்று. முதலாவது, மதுவில் வருவாய் தேடும் அரசாங்கம் மதுவை முழுமனத்தோடு எதிர்க்காது. ஆகவே காவற்பொறுப்பை அரசாங்கத்திடமே விட்டுவிடுதல் கூடாது. இரண்டாவது, விற்பவனையும் அடிமைப்பட்டவனையும் ஒரே கயிற்றாற் கட்டும் சட்டம் இருவரையும் திருத்தாது. விற்பவனுக்குத் தண்டனையும், அடிமைப்பட்டவனுக்கு வைத்தியமும் உரியன. மூன்றாவது, தவறணையை உண்மையாக மூடியவர் அதனாற் கெட்ட ஊரவரே. ஊர் விரும்பாத விலக்கு ஒரு பூட்டு மாத்திரமே, அதற்குக் கள்ளச்சாவி எளிதிற் செய்யப்படும்.

ஆகையால் விலக்கா விற்பனையா என்று வாதிட்டுக்கொண்டிருக்கும் மன்றம் முதலில் ஊரைக் கேட்கட்டும். நம் லயங்களிற் பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலையேறி உழைத்த காசு எங்கே போகின்றது என்பதை அவர்களிடமே கேட்போம். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கிற் கோஷமிட்டு 2021இல் அதனைப் பெற்றோம். அவ்வாறு பெற்ற காசும் தீபாவளி முற்பணமும் பாடசாலைப் புத்தகமாகின்றனவா, போத்தலாகின்றனவா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நம்மிடமே உண்டு. பாடசாலைக்கும் கோயிலுக்கும் அண்மையில் மதுக்கடை அமைத்தலைக் கட்டுப்படுத்தும் விதிகள் உள்ளன. புதிய கடைக்கு அனுமதி கேட்கப்படுவதாக அறிந்தால், ஊரவர் கையொப்பத்தோடு பிரதேச செயலாளரிடமும் மதுவரித் திணைக்களத்திடமும் ஆட்சேபம் கொடுப்போம். வாக்கற்றிருந்த நம் பாட்டன்மாருக்கு இவ்வழி அடைபட்டிருந்தது. நமக்கு அது திறந்திருக்கின்றது.

போதையில் வீழ்ந்த தம்பியை லயத்தார் பேசும் பேச்சுக்கு அஞ்சி மறைத்து வைக்காமல், வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் துணிவு அண்ணன்மாருக்கு வரவேண்டும். திருவிழாவில் சாமியின் பேராற் குடிப்பவனைக் கண்டிக்கும் துணிவு பெரியோருக்கு வரவேண்டும். மாலைநேரத்தில் இளைஞருக்கு வாசிகசாலையும் விளையாட்டும் பசனையும் அமைத்துக் கொடுக்கும் ஊக்கம் மன்றத்துக்கு வரவேண்டும். போக இடமில்லாதவனுக்கே தவறணை இடமாகின்றது.

சட்டம் வேலி, பயிர் செய்பவர் நாமே. வேலியை உயர்த்துவதா தாழ்த்துவதா என்று அறிஞரும் ஆட்சியாளரும் ஆராயட்டும். அதுகாறும் நம் வயலைத் தரிசாக விடாதிருப்போமாக. எல்லாம் வல்ல முருகப்பெருமான் இம்மலைநாட்டு இளைஞர்க்குத் தெளிந்த அறிவையும் திடமான நெஞ்சையும் அருள்வாராக!